ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தபோது நான் கற்றவை

ஜப்பானியர்களுக்கு ஆங்கிலம் வராது என்ற பேச்சை நம்மூரிலும் கேட்டிருக்கிறேன். ஜப்பானியர்களே அதைச் சொல்லி வருந்துவதையும் கேட்டிருக்கிறேன். ஷிசுவோகா மாகாணத்தில், தேயிலைத் தோட்டங்களும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் அருகருகே இருக்கும் ஒரு சிறுநகரத்தின் பள்ளிகளில், ஏ.எல்.டி. எனப்படும் துணை மொழியாசிரியையாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மொழி கற்கும் திறனில் எந்தக் குறையும் இல்லை. தாய்மொழியைக் கற்பிக்கும்போது ஜப்பானியப் பள்ளி கைக்கொள்ளும் மிக நல்ல பழக்கம் ஒன்று, அதாவது பாடத்தை நாள்தோறும் வீட்டில் வாய்விட்டு வாசிப்பது, ஆங்கில வகுப்புக்குள் வராமலே போய்விடுகிறது என்பதுதான் நான் கண்டது. இந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டால், ஜப்பானில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், ஜப்பானிய மொழி கற்க முயலும் நம்மவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987-ல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாகத்தான் ஏ.எல்.டி. என்ற பணி நாடெங்கும் பரவியது. இன்று அந்தத் திட்டத்தில் வருபவர்களைத் தவிர, நகராட்சிக் கல்வி வாரியங்கள் நேரடியாகவும் தனியார் நிறுவனங்கள் மூலமாகவும் ஆட்களை அமர்த்திக்கொள்கின்றன. கணவரின் வேலை காரணமாக ஜப்பான் வந்த எனக்கு, கல்வி வாரியத்தின் நேரடி நியமனம் கிடைத்தது. ஏ.எல்.டி. வகுப்பைத் தனியாக நடத்துவதில்லை. ஜப்பானிய ஆங்கில ஆசிரியருடன் சேர்ந்து நிற்பவர். கூடவே நிற்கும் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே அவருடைய பயன் அமைகிறது. உச்சரிப்புக்காகப் பாடத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கவைக்கும் ஆசிரியர்களும் உண்டு. பாடத்திட்டத்தையே சேர்ந்து தயாரிக்கும் ஆசிரியர்களும் உண்டு. இரண்டு வகையினரோடும் நான் வேலை செய்திருக்கிறேன்.

நடுநிலைப் பள்ளியில் (ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டு) ஒரு பாடவேளை ஐம்பது நிமிடம், ஆங்கிலத்துக்கு வாரத்தில் நான்கு பாடவேளை. வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆசிரியர் ஒரு மாணவியின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால், அவள் எழுந்து நின்று பதில் சொல்லாமல் முதலில் பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பாள். இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். பின்னால் இருக்கும் பையனும் ஒரு வார்த்தை சொல்வான். பத்து விநாடி, பதினைந்து விநாடி போகும். வகுப்பில் யாரும் அவளை அவசரப்படுத்த மாட்டார்கள். பிறகு ஒரே ஒரு சொல் மெல்லிய குரலில் வரும். அல்லது தெரியவில்லை என்று தலையைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதே பெண்ணின் விடைத்தாளைத் திருத்தும்போது தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் இருக்கும். வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் இந்த மௌனத்தை ஆர்வமின்மை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே ஒரு கேள்வியின் விடை தனிமனிதரின் உடனடி வெளிப்பாடாகக் கருதப்படுவதில்லை. சுற்றியிருப்பவர்களோடு சரிபார்த்த பிறகு, தவறில்லாத வடிவில் வெளியே வரவேண்டியதாகக் கருதப்படுகிறது. சரியான விடை கையில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்வதே அங்கே மரியாதையான வழி.

இந்த நிலைக்கு வேர்கள் ஆழமானவை. சீன நூல்களைப் பல நூற்றாண்டுகளாக ஜப்பானியர்கள் படித்த முறையே தனித்தன்மை உடையது: சீன எழுத்துகளின் ஓரத்தில் சிறு குறிகளை இட்டு, சொற்களின் வரிசையை மாற்றி, அப்படியே ஜப்பானிய மொழியில் வாசித்துவிடுவார்கள். அந்நிய மொழி நூலைப் படிப்பது என்றால் அதைத் தம் மொழிக்குள் கொண்டுவந்து பொருள் காண்பதுதான் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. நாகசாகியின் தெஜிமா தீவு வழியாக டச்சு நூல்கள் வந்தபோதும், மெய்ஜி காலத்தில் (1868–1912) ஆங்கில நூல்கள் குவிந்தபோதும், இந்த வாசிப்பு முறை பெரும் பயனைத் தந்தது. மருத்துவம், சட்டம், பொறியியல் என அத்தனை துறைகளையும் ஜப்பான் ஒரு தலைமுறைக்குள் தன் மொழிக்குக் கொண்டுவந்தது. பேச்சை முதன்மையாகக் கொண்டு கற்பிக்கவேண்டும் என்று வலியுறுத்திய ஹெரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1922-லேயே ஜப்பானிய அரசின் அழைப்பில் வந்து, மறு ஆண்டு தோக்கியோவில் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். ஆனாலும் வரிக்கு வரி பெயர்த்துப் பொருள் சொல்லும் பழக்கத்தை அவரால் அசைக்க முடியவில்லை.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை இங்கே குறிப்பிடவேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலோ மருத்துவமோ படிக்கவேண்டும் என்றால் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. வேலைக்கான நேர்முகத் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஜப்பானில் முனைவர் பட்டம் வரை ஜப்பானிய மொழியிலேயே படித்துவிடலாம். அதற்கான நூல்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. எங்கள் நகரத்துப் பிள்ளை ஒருவன் வளர்ந்து ஊர்த் தொழிற்சாலையில் பொறியாளராகி ஓய்வு பெறும் வரை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசாமலே நிறைவாக வாழ்ந்துவிட முடியும். இதை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. ஒரு சமுதாயம் தன் மொழியிலேயே எல்லா அறிவையும் பெறுவது நாம் பொறாமைப்படவேண்டிய சாதனை. ஆனால் அன்றாடத் தேவை இல்லாத மொழியைப் பள்ளியில் கட்டாயமாக்கும்போது, தேர்வு ஒன்றே அதைப் படிப்பதற்கான காரணமாக ஆகிவிடுகிறது.

தேர்வு என்றால் முதலில் பதினைந்து வயதில் வரும் மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வைத்தான் சொல்லவேண்டும். கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளியோடு முடிந்துவிடுகிறது என்றாலும், ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் அதற்கு மேலும் படிக்கிறார்கள். எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கிறது என்பதைத் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளி அனுப்பும் மதிப்பீட்டறிக்கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மூன்றாம் ஆண்டு வகுப்பில் இலையுதிர் காலம் தொடங்கியதும் மாணவர்களின் முகமே மாறிவிடும். மாலையில் ஜுகு எனப்படும் தனிப்பயிற்சி வகுப்பு, இரவு பத்து மணிக்கு வீடு திரும்புதல், ஹென்சாச்சி என்னும் தர எண்ணைப் பார்த்து எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற கணக்கு. அந்தப் பருவத்தில் பேச்சுப் பயிற்சிக்கு நேரம் கேட்டால், ஆசிரியர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்றும், ஆய்வில் பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் அதிகம் என்றும் 2018-ல் ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்திய ஆய்வு காட்டியது. வகுப்புக்குப் பிறகு விளையாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்வது, பெற்றோரிடம் தொலைபேசியில் பேசுவது, பள்ளி விழா ஏற்பாடுகள் என்று ஓடும் அவர்களுக்குப் புதிய பாடமுறையை வடிவமைக்க நேரம் எங்கிருந்து வரும்?

அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2011-ல் தொடக்கப் பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு அந்நிய மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020-ல் அது மூன்றாம் வகுப்புக்கு இறங்கி, ஐந்து, ஆறாம் வகுப்புகளில் மதிப்பெண் உள்ள முழுப் பாடமானது. பல்கலைக்கழகப் பொதுத் தேர்வில் 2021 முதல் வாசிப்புக்கு நூறு, கேட்டலுக்கு நூறு எனச் சமப்படுத்தினார்கள். பேச்சையும் அளக்கத் தனியார் தேர்வுகளைப் பயன்படுத்தும் திட்டம் 2019 நவம்பரில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. தேர்வுக் கட்டணமும் தேர்வு மையத்துக்கான பயணச் செலவும் கிராமத்துப் பிள்ளைகளையும் வசதியற்ற குடும்பங்களையும் பாதிக்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். தோக்கியோ மட்டும் 2022 முதல் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தேர்வு நடத்தி, நுழைவுத் தேர்வின் 1,020 மதிப்பெண்ணில் 20 மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்குகிறது. 2023-ல் நாடு தழுவிய கல்வித்திறன் தேர்வில் அதே வகுப்பு மாணவர்களுக்கு வைத்த பேச்சுப் பகுதியில் சரியான விடைகள் சராசரியாக 12 சதவீதம் அளவில்தான் இருந்தன. செய்தித்தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு வழி காட்டியது எந்தப் பயிற்சி முகாமும் அல்ல, என் மகளின் வீட்டுப்பாடம். அவள் உள்ளூர் அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் ஒரு கெட்டி அட்டையைக் கொண்டுவந்தாள். ஒந்தோகு அட்டை என்று பெயர்; வாய்விட்டு வாசிப்பதற்கான அட்டை. தேதி, பாடத்தின் பெயர், குரல் தெளிவாக இருந்ததா, நிறுத்தக் குறிகளில் நின்று படித்தாளா, உணர்வோடு படித்தாளா என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் பெற்றோர் கையெழுத்து அல்லது முத்திரை. ஒவ்வொரு மாலையும் குழந்தை ஜப்பானிய மொழிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கவேண்டும்; வீட்டில் யாராவது ஒருவர் கேட்டு, நன்றாக இருந்தால் இரட்டை வட்டம், சுமாராக இருந்தால் ஒற்றை வட்டம், இன்னும் முயலவேண்டும் என்றால் முக்கோணம் போடவேண்டும். மறுநாள் காலை வகுப்பாசிரியை அட்டையைப் பார்த்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார். ஒரே பாடத்தை ஒரு வாரத்துக்கும் மேலாக நாள்தோறும் படிப்பார்கள். சமையலறையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவள் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துப் படிப்பாள். மூன்றாம் நாள் தடுமாற்றம் குறையும். ஐந்தாம் நாள் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அதற்கு மறுநாள் கதையில் வரும் நரிக்கும் கிழவிக்கும் தனித்தனிக் குரல் வந்துவிடும்.

தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 1,026-ஐக் கற்கவேண்டிய சுமை ஜப்பானியக் குழந்தைகளுக்கு உண்டு. அதற்கான எழுத்துப் பயிற்சியும் நாள்தோறும் நடக்கும். ஆனால் அந்த எழுத்துகளுக்கு முன்பே ஓசை வாயில் குடியேறிவிடுகிறது. அவர்களுடைய தாய்மொழிக் கல்வியின் வலிமைக்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். இதே பள்ளி, இதே பிள்ளைகள், இதே பெற்றோர். ஆங்கிலம் என்று வந்தவுடன் இந்தப் பழக்கம் காணாமல் போகிறது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை வாசிப்பார்கள், அதோடு சரி. வீட்டுப்பாடம் என்றால் சொற்களைப் பத்துமுறை எழுதுவதும், பாடத்தை ஜப்பானிய மொழியில் பெயர்ப்பதும்தான்.

என்னோடு வேலை செய்த ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். தன் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆங்கிலத்துக்கு அதைச் செய்யலாம் என்று யோசித்ததே இல்லை என்றார். முதலாண்டு வகுப்புகள் இரண்டில் தொடங்கினோம். ஆறு, ஏழு வரியுள்ள ஓர் உரையாடலை ஒரு வாரம் முழுவதும் வீட்டில் வாய்விட்டு வாசிக்கவேண்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாதே என்ற கவலைக்கு இடம் இல்லை. தொடக்கப் பள்ளி அட்டையைப் போலவே குரல் கேட்டதா, தடங்கல் குறைந்ததா என்று மட்டும் பார்த்து வட்டம் போட்டால் போதும். உச்சரிப்பைச் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு. பிள்ளைகள் எல்லோருடைய கையிலும் பள்ளி கொடுத்த கைக்கணினி இருக்கிறது; அதில் பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, தங்கள் குரலைப் பதிந்து வார இறுதியில் அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டபோதுதான் பல பிள்ளைகளின் குரலையே நான் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டேன். பின்னணியில் ஒரு வீட்டில் பாட்டி சிரிக்கிறார், இன்னொரு வீட்டில் தம்பி கூடவே சொல்லிப் பார்க்கிறான்.

சில மாதங்களில் வகுப்பில் தெரிந்த மாற்றத்தை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். எல்லோரும் சரளமாகப் பேசிவிடவில்லை. ஆனால் வாக்கியம் முழுதாக வாயில் இருந்ததால், அதில் ஒரு பெயரையோ நேரத்தையோ மாற்றித் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லத் தொடங்கினார்கள். கேள்வி கேட்கும் முறையையும் கூடவே மாற்றினோம். பெயர் சொல்லி எழுப்புவதற்கு முன் இரண்டு நிமிடம் தனியாக எழுதிக்கொள்ளவும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கவும், அதன் பிறகே வகுப்பின் முன் சொல்லவும் விட்டோம். அவர்கள் எப்படியும் செய்துகொண்டிருந்த கலந்தாலோசனைக்கு வகுப்பிலேயே இடம் கொடுத்தோம், அவ்வளவுதான். முன்பு தலை தாழ்த்தி உட்கார்ந்துவிடும் பெண், பக்கத்துத் தோழியிடம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அப்படியே நிமிர்ந்து நின்று சொன்னாள். ஜப்பானில் கற்பிக்கப் போகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: மாணவர்களின் மௌனத்தை உடைக்க வேடிக்கை காட்டுவதைவிட, அவர்களுக்குத் தயாராக நேரம் கொடுங்கள். பேச்சில் வரும் பிழையை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். எழுத்துத் தேர்வில் பிழைக்குக் கழிக்கும் மதிப்பெண்ணே அவர்களுக்குப் போதுமான தண்டனை.

ஜப்பானிய மொழி கற்கும் நம்மவர்களுக்கும் இதே வழியைப் பரிந்துரைக்கிறேன், என் மகளின் அட்டையோடு சேர்ந்து நானும் படித்துத்தான் என் பேச்சு தெளிந்தது. ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதனால் மேலிருந்து இரண்டாம் நிலை வரை தேறிவிட்டு, மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் திணறும் நண்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழருக்கு இந்த மொழியில் ஒரு பெரிய வசதி உண்டு. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும், வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னால் ஒட்டும், நமது எச்சங்களைப் போலவே வினைகள் தொடர்ந்து செல்லும். ஆங்கிலம் வழியாக ஜப்பானிய இலக்கணம் படிப்பவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போராடுவார்கள். தமிழில் நினைத்தால் வரிசை தானாகவே வந்துவிடும். எனவே ஆங்கிலப் பாடநூலை இடையில் வைக்காமல், ஒலியெழுத்துகளான ஹிராகனாவும் கதகானாவும் தெரிந்தவுடன், முதல் வகுப்பு ஜப்பானிய மொழிப் பாடநூல் ஒன்றை வாங்கி வாய்விட்டு வாசிக்கத் தொடங்குங்கள். ஊர்ச் சமுதாயக் கூடங்களில் தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் வகுப்புகள் நடத்துகிறார்கள்; பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களான அவர்கள், நீங்கள் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டும். திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டம் 1990-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில், பெரு நாட்டவர்கள் எங்கள் பகுதித் தொழிற்சாலைகளுக்கு நிறைய வந்தார்கள். என் வகுப்புகளில் வீட்டில் போர்ச்சுக்கீசிய மொழி பேசும் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். பாடத்திட்டத்தில் அந்தப் பாடத்தின் பெயர் அந்நிய மொழி என்றுதான் இருக்கிறது. ஆனால் கற்பிக்கப்படுவது ஆங்கிலம் மட்டுமே. இரண்டு மொழிகளில் சண்டையும் சமாதானமும் செய்யத் தெரிந்த ஒரு பையன், ஆங்கிலத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியதால், மொழி வராதவன் என்ற பெயரோடு பள்ளியில் உலவினான். இது என்னை மிகவும் வேதனைப்படுத்தியது. அவனுடைய தாயிடம், அவனுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள், அதை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

தமிழ்ப் பெற்றோருக்கும் இதையேதான் சொல்கிறேன். பள்ளியில் ஜப்பானிய மொழி பின்தங்குகிறதே என்று பயந்து, வீட்டிலும் தப்பும் தவறுமான ஜப்பானிய மொழியில் பேசத் தொடங்காதீர்கள். வீட்டில் நிறைவான ஒரு மொழி வேண்டும், அது தமிழாகவே இருக்கட்டும். வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது என்பதால், நகராட்சியிலிருந்து வரும் அறிவிப்பைப் பார்த்து நீங்களே விண்ணப்பித்துச் சேர்க்கவேண்டும். சேர்த்துவிட்டால் கல்விக் கட்டணமும் பாடநூல்களும் இலவசம். 2014 முதல், ஜப்பானிய மொழி உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே தனியாகக் கற்பிக்க முறையான ஏற்பாடு உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் அதன் தரம் வேறுபடும், கேட்காமல் கிடைப்பதும் குறைவு. சேர்க்கும் நாளிலேயே இதற்கான ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒந்தோகு அட்டையில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். குழந்தை படிப்பது உங்களுக்குப் புரியாவிட்டாலும் குரலைக் கேட்கமுடியும். அதோடு, பள்ளியும் வீடும் செய்தி எழுதிக்கொள்ள தினமும் புத்தகப் பையில் வரும் தொடர்பேட்டையும் திறந்து பாருங்கள். வகுப்பாசிரியருக்கு ஏதாவது கேட்கவேண்டும் என்றால், கான்ஜி தெரியவில்லையே என்று விட்டுவிடாமல், ஹிராகனாவில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எங்கள் வீட்டிலிருந்து போன அத்தகைய வரிகளுக்கு, பெரும்பாலும் அன்று மாலையே ஹிராகனாவில் பதில் வந்துவிடும்.